சிவப்புச் சுவிட்சுக்கு ஓர் இடம்

ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்றால் நின்றுபோன வண்டியைக் கிளப்பிவிடுகிறவன் என்றுதான் ஊரில் பெயர். ஓடுகிற வண்டியை ஒரே திருகில் அடக்கச் சொல்லி ஒருத்தன் வரும்போதுதான் இந்தத் தொழிலின் ஆழம் தெரியும். கரிக்கலாம்பாக்கத்தில் கடை போட்டு, சண்டை போட்டு, பேரம் பேசி, ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டவன் நான். வாடிக்கையாளரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கடைக்காரர்களே, நீங்களே சொல்லுங்கள், இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்குமா?

தலை போனாலும் ஓடும்

சோரியாங்குப்பம் செல்வம் ஒரு பழைய காரை வாங்கி, பின்சீட்டு, ஏசி, பம்பர் என்று எல்லாவற்றையும் கழற்றி எலும்புக்கூடாக்கி வைத்திருந்தான். டிராக் கார். ரோட்டில் ஓட்டக் கூடாது. சென்னைப் பக்கம் ரேஸ் டிராக்கில் மட்டும்தான். மோதினால் பெட்ரோல் சிந்தும், ஒரு பொறி பட்டால் ஆளோடு எரியும். அதனால் மொத்த கரண்டையும் வெட்டுகிற கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

அவன் ஆன்லைனில் வாங்கி வந்தது பேட்டரியை மட்டும் வெட்டுகிற சாதா சுவிட்ச். "இது ஆவாதுப்பா" என்றேன். "வாங்கியாச்சுண்ணா, இதையே மாட்டு" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. வாதாடாமல் மாட்டினேன். எஞ்சினை ஓடவிட்டு, "திருகுடா" என்றேன். திருகினான். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டர் தானே கரண்ட் செய்து எஞ்சினுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும், பேட்டரி அதற்குத் தேவையே இல்லை. இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர் கூச்செறியும். செல்வம் இரண்டடி பின்னால் போய்விட்டான்.

"அண்ணே, தலைய வெட்டியாச்சு, இன்னாண்ணா இன்னும் மூச்சு வுடுது?"

பொட்டு வைத்த இடம்

எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டுகிற சுவிட்ச் வந்தது. அடுத்து, எங்கே வைப்பது? செல்வம் வலது பக்கம் கதவோரம் என்றான். நான் ஸ்டீயரிங் பக்கத்தில் என்றேன். காசுக்குப் பேரம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு விரல்கடைக்கும் பேரம். கத்திக் கத்தி, கதவிலிருந்து நாலு விரல் தள்ளி என்று முடித்தோம். வெல்டர் அருள் டிரில்லைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்து செல்வத்தின் சம்சாரம் வசந்தி ஸ்கூட்டியில் வந்து இறங்கியது. ஆஸ்பத்திரியில் விபத்து வார்டு நர்ஸ்.

அருள் ஓட்டை போடப்போன இடத்தை ஒரு பார்வை பார்த்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ரேஸ் பெல்ட்டைத் தோள் அசையாதபடி இறுக்கி மாட்டிக்கொண்டது. "அருள் அண்ணா, என் வலது கைய அமுக்கிப் புடிங்க" என்றது. பிடித்தான். "இப்ப எப்பிடி அணைக்கிறது?" நான், "வலது கையாலதாம்மா" என்று இழுத்தேன். "வலது கை ஒடஞ்சி போச்சுண்ணா. என் வார்டுக்கு வர்றவங்க எந்தக் கை ஒடையணும்னு கேட்டுக்கிட்டா மோதுறாங்க?"

என்னைப் பேரத்தில் மடக்கிய ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. அன்றைக்கு வசந்தி மடக்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு முதலில் வலது கை, பிறகு இடது கை என்று டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தது. இரண்டு கைக்கும் எட்டுகிற இடம் நடுவில் ஒரு உள்ளங்கை அகலம்தான். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அங்கே ஒட்டியது. தனக்கே எட்டினால், கை நீளமான செல்வத்துக்கு எட்டாமல் போகாது என்ற கணக்கு.

அருள் டிரில்லைக் கீழே வைத்துவிட்டான். "கட்டினவன் உசுரோட நிக்கும்போது பொட்டு மேல ஓட்ட போடச் சொல்றியே, நான் மாட்டேன்பா" என்று ஒதுங்கினான். எனக்கும் கை வரவில்லை. வசந்திதான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னது:

"பொட்டு போனா வேற ஒட்டிக்கிறேன், போடுங்கண்ணா."

ஆட்டின் பரிசோதனை

உள்ளே இருக்கிறவன் மயங்கிப்போனால் வெளியே இருக்கிறவன் அணைக்க வேண்டும். அதற்காக அந்தச் சுவிட்சிலிருந்து சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி ஒன்றை இழுத்து, முன்கண்ணாடிக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு சிவப்பு வளையம் மாட்டினேன். பக்கத்தில் மின்னல் படம் போட்ட நீல முக்கோண ஸ்டிக்கர்.

லாரியில் டிராக்குக்குக் கொண்டுபோகுமுன் ஊர் அம்மன் கோயில் வாசலில் இறக்கிப் பூசை. எந்த வண்டி ஆனாலும் மாலை போட்டாக வேண்டும். இந்த எலும்புக்கூட்டில் மாலை கட்ட பம்பரும் இல்லை, கிரில்லும் இல்லை. பூசாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, துருத்திக்கொண்டிருந்த ஒரே பொருளான என் சிவப்பு வளையத்தில் சாமந்தி மாலையைக் கட்டிவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, கற்பூரம் எரிகிறது. எங்கிருந்தோ ஒரு கிடா வந்து பானெட்டில் முன்னங்காலைப் போட்டு மாலையைக் கவ்வி இழுத்தது. பொசுக்கென்று வண்டி நின்றது.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி முன்னால் வண்டி நின்றால் நல்லதா? "செல்வம், போவாதடா" என்று நாலு பேர் தொடங்கினார்கள். வசந்தி முகம் வெளுத்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, ஆட்டின் மேல் அல்ல, ஊர்வாய் மேல். வளையத்தை உள்ளே தள்ளி, சுவிட்சைத் திருகி, ஸ்டார்ட் செய்தேன், உறுமியது. மறுபடி ஒரு விரலால் இழுத்தேன், அடங்கியது. "ஆடு இழுத்தா நிக்குது, ஆள் இழுத்தாலும் நிக்கும். இதுக்குத்தானய்யா மாட்டுனது!" என்று கத்தினேன். பூசாரி ஆட்டையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு பிடி விபூதியை அள்ளி செல்வம் நெற்றியில் அப்பினார்.

"ஆத்தா ஆட்ட வுட்டு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாடா, தைரியமா போ."

நின்ற சத்தம்

டிராக்கில் பிராக்டிஸ் ஓட்டம். நானும் வசந்தியும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம். மூன்றாவது வளைவில் செல்வத்தின் வண்டி வழுக்கி, வலது பக்கமாக டயர்ச் சுவரில் போய் அறைந்தது. ஒரே புழுதி. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டு கூரை பிளக்கிற மாதிரி அலறியது. ஓடுகிற பம்ப், உடைந்த பைப், பெட்ரோல்... எனக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது. கொடி பிடித்து நிற்கும் மார்ஷல்கள் தூரத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

திடீரென்று அலறல் அறுந்தது. இழுத்துக்கொண்டு சாகிற சத்தம் அல்ல. அறுத்துப் போட்ட மாதிரி. அப்படி ஒரு அமைதியை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. முடிந்தது கதை என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வசந்தி என் தோளைப் பிடித்து உலுக்கியது. புழுதியைப் பார்க்கவில்லை, ஓடுகிற மார்ஷல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, அவங்க இன்னும் வண்டிகிட்ட போவல... அப்ப அணைச்சது அவரு கைதான், உசுரு இருக்குண்ணா!"

செல்வத்துக்கு வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. அணைத்தது இடது கை. நானும் அவனும் கத்திப் பேசி முடித்த அந்த நாலு விரல் இடம், கதவோடு சேர்ந்து அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. நடுவில் பொட்டு ஒட்டிய இடத்தில் சுவிட்ச் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

இப்போதெல்லாம் எவனாவது டிராக் காரோடு வந்து சுவிட்சை எங்கே வைக்கலாம் என்று ஆரம்பித்தால் நான் வாயையே திறப்பதில்லை, "வூட்டுக்காரம்மாவ இட்டுகினு வா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறேன்.