மாசிக்கு முன்பே அறுத்தவன்

இரண்டு வாரத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஒரு தம்பதி. அரக்கோணத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அந்த அம்மாளின் கைப்பையில் நாலாக மடித்த ஒரு காகிதம். நாலு வருஷத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில், இதே பகுதியில் நான் எழுதியது. மடிப்பு கிழிந்து, பசை தடவி ஒட்டியிருந்தது.

எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உட்காருங்கள், காபி போடுகிறேன் என்றேன்.

"காபி இருக்கட்டும் சார். மொதல்ல அந்தப் பூக்கொல்லையைக் காட்டுங்க" என்றார் அந்த அம்மாள். "எங்க வீட்டுக்குப் பின்னால பத்து சென்ட் சும்மா கெடக்குது. உங்களுது மாதிரியே பண்ணணும்னு இவரைத் தொந்தரவு பண்ணிக்கினே இருக்கேன்."

"சீசன் முடிஞ்சிடுச்சேம்மா" என்றேன்.

அவர் காகிதத்தைப் பிரித்தார். விரலை வைத்துப் படித்தார். "'தை மாதம் வந்து பாருங்கள், கண் கூசும்' — நீங்கதான் எழுதியிருக்கீங்க. இது தைதானே சார்?"

"இந்த வருஷம் மழை சரியில்லை..."

"அரக்கோணத்துல கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சே!"

கணவர் அவர் முழங்கையை மெல்லத் தொட்டார். இருவரும் காபி குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பின்கதவை நான் திறக்கவே இல்லை.

ஒரே காலையில் இரண்டு பொய். இந்தப் பகுதியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குச் சொன்ன பொய் அதற்கும் முந்தையது. இன்று மூன்றையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் நான் ரிட்டையர் ஆனேன். சென்னையில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவன். திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில் எங்கள் பூர்வீக வீடு. பின்னால் நாற்பது சென்ட் கொல்லை. அங்கே ஒட்டுமாங்கன்று வைக்கலாம் என்பது என் திட்டம்.

"மாங்கா கடையில கெடைக்குதே" என்றாள் என் மனைவி மருதேவி.

அவள் பிறந்தது தென்னேரியில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஏரிக்கரைக்கு அப்பால் தரிசு நிலம் உண்டாம். ஐப்பசி மழை விட்டால், உழாமல் விதைக்காமல் அது பூத்துவிடுமாம். தும்பை வெள்ளை, விஷ்ணுகிராந்தி நீலம், கிலுகிலுப்பை மஞ்சள், கொழிஞ்சி ஊதா. இப்போது அங்கே கரும்பு. அந்தத் தரிசை இந்தக் கொல்லையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"களையையா விதைக்கப்போறே?" என்று சிரித்தேன்.

"நீங்க முப்பது வருஷமா பசங்களுக்கு நடத்தினது இன்னா, ரோசாப்பூவா?"

சரி என்றேன். சரி என்றதோடு நின்றிருக்கலாம். வேலையை நானே எடுத்துக்கொண்டேன். படித்தவன் அல்லவா?

ஆறு வண்டி தொழு உரம் அடித்தேன். ஏர் கட்டி ஆழ உழுதேன். அவள் சேர்த்து வைத்திருந்த விதையைத் தூவி, மண்ணைப் போட்டு மூடி, தினமும் தண்ணீர் இறைத்தேன். மார்கழியில் இடுப்பு உயரத்துக்குக் கோரையும் புல்லும் நின்றன. பூ? ஒன்றுகூட இல்லை.

பால்காரர் எட்டிப் பார்த்தார். "சார், தீனிக்கு வெச்சிக்கினு இருக்கீங்களா? அறுத்தா சொல்லுங்க, நம்ம எருமைக்கு ஆவும்."

மருதேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எருவு போட்டா புல்லு கொழுத்துக்கினு நிக்கும். அதுக்கு நடுவுல தும்பை எங்கங்க தலை தூக்கும்? இதெல்லாம் பட்டினி கெடந்து வளர்ற ஜாதி."

அடுத்த வருஷம் வேலை அவள் கைக்குப் போனது. ஆரோக்கியம் வந்தார். எங்கள் பக்கத்தில் வெள்ளையடிக்க, வேலி கட்ட, புல் அறுக்க என்று எல்லா வேலைக்கும் அவர்தான். உரம் ஏறிய மேல்மண்ணை அவரை வைத்து ஒரு சாண் சுரண்டிப் பக்கத்து வாழைத்தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டாள். கொழிஞ்சி, கிலுகிலுப்பை விதைகளுக்குத் தோல் கெட்டி. அவற்றை மணலோடு சேர்த்துக் கல்லில் லேசாகத் தேய்த்தாள். புரட்டாசிக் கடைசியில், வேகவதி ஆற்று மணலில் எல்லா விதையையும் கலந்து, மேலாகத் தூவினாள். மூடவில்லை. மூவரும் வரிசையாக நின்று காலால் மிதித்தோம். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அரங்கேற்றத்துக்கு வந்த நட்டுவனார் போல நான்.

"சார் சோக்கா ஆடறாரும்மா" என்றார் ஆரோக்கியம்.

அந்த வருஷம் அங்கொன்றும் இங்கொன்றும்தான் முளைத்தது. அதற்கடுத்த வருஷம் கொஞ்சம் கூட. நான் பொறுமை இழந்தேன். அவள் இழக்கவில்லை. புல் தலை தூக்கும் இடத்தில் மட்டும் உட்கார்ந்து கையால் பிடுங்குவாள். பூத்து, காய்த்து, காய் காய்ந்து, விதை தானாக மண்ணில் விழும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. மாசி முடிந்ததும் ஒரே ஒரு அறுப்பு. அதுவும் தரையோடு இல்லை — ஒரு சாண் விட்டு. அறுத்ததை அங்கேயே போட்டால் மக்கி உரமாகிவிடும், வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அவள் சட்டம் இவ்வளவுதான். 'அரிவாளை ஏன் அவ்வளவு மேலே பிடிக்கச் சொல்கிறாய்' என்று கேட்டேன். "அடியில குடியிருக்கிறது எத்தினியோ இருக்குது, அதுங்க எங்க போவும்?" என்றாள். நாங்கள் சமணர்கள், பூச்சி புழுவுக்கும் தீங்கு கூடாது என்பவர்கள். அப்படிக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

நாலாவது கார்த்திகையில் கொல்லை பூத்தது.

அதை வர்ணிக்க மாட்டேன். ஒருமுறை வர்ணித்தாயிற்று, அந்த அரக்கோணத்து அம்மாளின் கைப்பையில் இருக்கிறது. அதில் 'நான் மண்ணைச் சுரண்டினேன்', 'நான் விதையைத் தேய்த்தேன்', 'மாசிவரை பொறுத்திருப்பது என் வழக்கம்' என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். மருதேவி என்று ஓரிடத்திலும் இல்லை.

பத்திரிகை வந்ததும் எங்கள் மகள் சுநந்தா அதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அவள் முழுவதும் கேட்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். கீரையை ஆய ஆரம்பித்தாள்.

அதோடு போயிருந்தால்கூட மன்னிப்புக் கேட்டுத் தப்பித்திருப்பேன்.

தை பிறந்தது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து சுநந்தாவைப் பெண் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. நல்ல இடம், மாப்பிள்ளைக்கு நாக்பூரில் ரயில்வே வேலை. மருதேவி தன் அத்தையை அழைத்துவர, சுநந்தாவையும் கூட்டிக்கொண்டு தென்னேரி போனாள். இரண்டு நாள் நான் வீட்டில் தனியாக.

பின்கதவைத் திறந்து நின்றேன். நாலு வருஷ உழைப்பை, வரப்போகும் விருந்தாளிகளின் கண்ணால் பார்த்தேன். என்ன தெரியும் அவர்களுக்கு? புதர். வாத்தியார் வீடு கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. உள்ளே பாம்பு இருக்கும். இப்படித்தானே நினைப்பார்கள்? பத்திரிகையில் ஊருக்கெல்லாம் பெருமை பேசியவனுக்கு, நாலு பேர் நேரில் வருகிறார்கள் என்றதும் வெட்கமாகிவிட்டது!

ஆரோக்கியத்தைக் கூப்பிட்டனுப்பினேன். அவர் அரிவாளோடு வந்து நின்றார். குனியவில்லை.

"சார், அம்மா சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

"மாசி முடிஞ்சிதானே அறுப்பாங்க? இன்னும் காயே முத்தலியே..."

"வீடு யாருது ஆரோக்கியம்?"

"உங்க வீடுதான் சார்" என்று குனிந்தார். சாயங்காலத்துக்குள் முடிந்தது. தரையோடு. அப்படித்தான் அறுக்கச் சொன்னேன்.

மறுநாள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் நேரே பின்பக்கம் போனாள். அவள் அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மருதேவி வேலியோரம் குவித்திருந்த போரிலிருந்து ஒரு கிலுகிலுப்பைக் காயை எடுத்து நகத்தால் பிளந்தாள். உள்ளே விதை பச்சையாக இருந்தது.

"இன்னும் ஒரு மாசம்" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு அந்தப் போரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாடிய கொத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றில் ஒட்டியிருந்த புழுக்களைப் பொறுக்கினாள். வேலியோரம் இரண்டு செடிகள் அரிவாளுக்குத் தப்பியிருந்தன. அவற்றின் இலைகளில் கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்தாள். மறுபடி பொறுக்கினாள். "பொழுது சாயுது, வந்து சாப்பிடு" என்று கதவருகே நின்று சொன்னேன். விளக்கு வைத்தபின் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. எங்கள் மதத்து வழக்கம், அதை அவள் ஒருநாளும் தவறியதில்லை.

அவள் எழுந்து வரவில்லை. பொழுது சாய்ந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, பெண் பார்த்தல், பிடித்துப்போதல், எல்லாம் ஒழுங்காக நடந்தன. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது மாப்பிள்ளையின் அப்பா பின்பக்கம் நின்றார்.

"இன்னா சார், இவ்ளோ எடத்தை மொட்டையா உட்டு வெச்சிருக்கீங்க? நாலு பூச்செடி வெச்சிருக்கலாமே! பாட்டனி வாத்தியார் வீடுன்னு சொன்னாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டில் வெற்றிலை எடுத்து வந்த மருதேவி சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. என்னைத் திட்டியிருந்தால் இன்று இதை எழுதும் தேவை இருந்திருக்காது.

வைகாசியில் கல்யாணம். அதே கொல்லையில் பந்தல் போட்டோம். கோடை மழை வந்தால் சேறாகாமல் இருக்க, நாற்பது சென்ட்டுக்கும் செம்மண் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து மட்டமாக்கினேன். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பின் எத்தனை மழை பெய்தும் அங்கே வருவது புல்தான். ஓரத்தில் வேலிகாத்தான் முள்.

மறு வருஷம் சுநந்தாவுக்குக் குழந்தை பிறந்தது. அவளும் வேலைக்குப் போகிறவள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மருதேவி நாக்பூர் போனாள். ஆறு மாசம் என்றுதான் பேச்சு. மூன்று வருஷம் ஆகிறது. யார் கேட்டாலும், பேரனை விட்டு வர மனசில்லை அவளுக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் நம்புகிறார். எனக்குத்தான் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

மாதம் ஒரு கார்டு வரும். குழந்தைக்குப் பல் முளைத்தது. இங்கே குளிர். சுநந்தாவுக்கு ஜலதோஷம். எல்லோரும் சௌக்கியம். அந்த 'எல்லோரும்' என்பதில் நான் இருக்கிறேனா? தெரியாது.

அரக்கோணத்துக்காரர்கள் பஸ் ஏறிய மறுநாளே ஓர் இன்லேண்ட் லெட்டர் வாங்கி மருதேவிக்கு எழுதினேன். பத்திரிகையில் உன் பெயரைப் போடாதது தப்பு. கேட்காமல் அறுத்தது அதைவிடத் தப்பு. செம்மண்ணை வெட்டி எடுக்க ஆரோக்கியத்திடம் சொல்லிவிட்டேன். அவர், "அம்மா வர்றாங்களா சார்?" என்று கேட்கிறார். முப்பது வருஷம் பாடம் நடத்தியும், ஒவ்வொரு பூவுக்கும் லத்தீன் பெயர் தெரிந்தும், அது எந்த வரப்பில் இருக்கும், எந்த வாரம் முற்றும் என்று எனக்குத் தெரியவில்லை. விதை எங்கே கிடைக்கும்? நீ எப்போது வருவாய்?

இரண்டு கேள்வி. நேற்று பதில் வந்தது.

முதல் கேள்விக்கு மூன்று பக்கம் நெருக்கி எழுதியிருக்கிறாள். தும்பைக்குத் தூரம் போக வேண்டாம், கோயிலுக்குப் பின்னால் வரப்பிலேயே இருக்கும். கிலுகிலுப்பையைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே சத்தம் வந்தால்தான் பறிக்க வேண்டும். விஷ்ணுகிராந்திக்குத் தென்னேரியில் கரும்புக்கு இந்தப் பக்கம், பழைய மதகின் சரிவு. அங்கே இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. எந்தச் செடியிலும் பாதிக்குமேல் பறிக்காதீர்கள். துணிப்பையில் போடுங்கள், டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். எரு வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு வார்த்தை இல்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்லேண்டை மடித்து ஒட்டுகிற அந்தக் குறுகிய ஓரத்தில், பென்சிலால், சாய்வாக ஒரு வரி இருந்தது:

'மதகு சரிவிலே நெருஞ்சி மூடிக்கினு கெடக்கும், செருப்பு தேயும்னு கையில தூக்கிக்கினு நடக்காதீங்க.'

மூன்று வருஷத்தில் என்னைப் பற்றி அவள் எழுதியிருக்கும் ஒரே வரி.

மாசி பிறந்ததும் தென்னேரிக்குப் போகிறேன்... செருப்போடு.