கல்லுமேட்டில் அருகம்புல்

1. துரை தேடிய புல்

"கண்டாக்கு, நான் புல்லு பாக்க வந்தது. புல்லு எங்கே?"

தோட்டத்து மேனேஜரான பெரிய துரை தன் தமிழில் இப்படிக் கேட்டபோது நான் கல்லுமேட்டைத்தான் பார்த்தேன். ஐந்து நாளைக்கு முன் இருபது ஆட்களை வைத்து நான் நட்டுவிட்டுப் போன புல்லில் ஒன்றுகூட மேட்டில் இல்லை. எல்லாம் மொட்டை. பிடுங்கிய புல் வேர் மேலே பார்க்கும்படி கற்களின்மேல் வரிசையாகப் பரப்பப்பட்டு, வெயிலில் சருகாகிக் கிடந்தது. வேலை என்று பார்த்தால் அப்பழுக்கு சொல்ல முடியாத வேலை!

நான் சொல்வது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. றொசல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் கண்டாக்கு, அதாவது மலையில் நடக்கும் வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தன். ரோட்டு வேலைக்கென்று ஒரு கான்ட்ராக்டர் எங்கள் தோட்டத்து உச்சியில் மூன்று வருஷம் வெடி வைத்துக் கல் எடுத்தார். நல்ல கல்லெல்லாம் லொறியில் ஏறிப் போய்விட்டது. சல்லியும் செம்மண்ணுமாக ஒரு பெரிய மேடு மட்டும் எங்களுக்கு மிஞ்சியது.

அந்த மேட்டுக்கு நேர் கீழே குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பரா வரிசையாக உள்ள ஒரு தொழிலாளர் லயம். கொஞ்சம் கனத்து மழை பெய்தால் மண் வாசலுக்கு வந்துவிடும். பெண்கள் தண்ணீர் பிடிக்கிற மலையூற்றுப் பீலியில் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் விழும். ஜூன் மழைக்கு முன் மேடு நிலைக்காவிட்டால் லயத்தைக் காலி செய்து, குடும்பங்களை மூன்று டிவிஷனுக்குப் பிரித்து அனுப்பிவிடுவேன் என்று துரை சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிறவர். மண்ணுக்கடியில் ஆட்கள் சாவதைப் பார்க்க அவர் தயாராக இல்லை. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

தேயிலை மலையில் மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டுகிற அதே கணக்கில் மேட்டுக்குக் குறுக்கே கான்கள் வெட்டினேன். கானுக்குக் கான் மண் தங்குவதற்குக் குழி. குழிகளுக்கு மேலே முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கினோம். துரை தூரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு லொறி புல் நாற்று வரவழைத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் நட்டு முடித்துவிட்டு, சித்திரை வருஷப்பிறப்புக்கு மனைவியோடு அவள் ஊரான டயகமவுக்குப் போனேன். எல்லாருக்கும் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று நினைப்பு.

2. "ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், களை சுரண்டும் புல்லுவெட்டு ஆட்களை நிறுத்தி வைத்துக் கத்தினேன். எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம். இப்போதும் அப்படித்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? வரிசை பிடிச்சு நட்டிருக்கிற புல்லை யாராவது சுரண்டுவாங்களா?"

அந்தக் கூட்டத்துக்குக் கங்காணி ஒருவர் இருந்தார். ஆனால் கூட்டம் கேட்டது செல்லாயியின் பேச்சைத்தான். என் வயசு இருக்கும். மேட்டுக்குக் கீழே உள்ள அதே லயத்தில் அவளுக்கு நாலாம் காம்பரா. ஆவணியில் தங்கச்சிக்கு அந்த லயத்து வாசலில் பந்தல் போட நாள் குறித்திருந்தாள். மாப்பிள்ளையும் அதே லயம், ஒன்பதாம் காம்பரா. லயம் காலியானால் பெண் ஒரு மலை, மாப்பிள்ளை ஒரு மலை.

அவள் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தொரை வர்றாருன்னு சொன்னாங்க. ஐயா ஊருல இல்ல. நட்டது வேற டிவிஷன் ஆளுங்க, மேல கல்லு அடுக்குறாங்கன்னுதான் நாங்க நெனச்சோம். மேட்டைப் பாத்தா புல்லா நிக்குது. ஐயாவுக்கு ஏச்சு விழுமேன்னு, லீவு நாளுன்னும் பாக்காம நாங்களா போய்ச் சுரண்டுனோம். புல்லுன்னா சுரண்டு, வேரு மேல கிடக்கணும்னு பதினஞ்சு வருஷமாச் சொல்லிக் குடுத்தது யாரு? நீங்கதானேங்க? இப்ப புல்லு நடுறோம்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. நட்டவர்களிடம் சொன்னேன். சுரண்டுகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. என்னைக் காப்பாற்ற வந்த கையால் என் தலையில் மண் விழுந்திருக்கிறது! கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் கூட்டமும் சிரித்தது.

செல்லாயி மட்டும் சிரிக்கவில்லை. "லயத்தை எடுத்துருவாங்களாங்க?" என்று கேட்டாள்.

மழைக்கு ஆறு வாரம் இருந்தது. வேறு நாற்று கிடைக்காது என்று துரை முதல் நாளே முடிவாகச் சொல்லியிருந்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி என் வாயில் வந்தது.

"செல்லாயி, பதினஞ்சு வருஷம் சுரண்டியும் உங்களால சாகடிக்க முடியாத புல்லு எது?"

பெரட்டே ஒரே குரலில் சொன்னது: "அருகம்புல்லு!"

பிறகு ஆளுக்கு ஆள் அதைத் திட்டத் தொடங்கினார்கள். வெட்டினால் வரும், புதைத்தால் வரும், கல்லிடுக்கில் வரும். "ஒரு கணு விழுந்தாப் போதும்ங்க, அடுத்த மாசம் குடும்பமே நிக்கும்" என்றாள் செல்லாயி.

துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "தேயிலைக்கு மேலே அருகம்புல்லு? கண்டாக்கு, உனக்குப் பைத்தியம்!"

என்னோடு வந்து வாசலில் நின்ற செல்லாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். "மேட்டைச் சுத்தி எல்லைக் கான் வெட்டித் தாங்க தொரை. கானைத் தாண்டி ஒரு கணு தேயிலைக்குள்ள வராம நாங்க பாத்துக்குறோம். அதோட சண்டை போடுறதுதானே எங்க பொழப்பு?"

துரை அவளையே பார்த்தார். பிறகு, "சரி. கணு வந்தா, உன்னை நான் சுரண்டறது" என்றார்.

3. எதிரியைச் சுமந்தவர்கள்

மலை மலையாகச் சுரண்டிய அருகம்புல்லை வழக்கமாகச் சாக்கில் கட்டிக்கொண்டு போய் எரிப்பார்கள். அந்த ஆறு வாரமும் சாக்குகள் மேட்டுக்கு ஏறின. அதுவும் போதாமல், ஆறாம் நம்பர் மலை ஓரத்தில் இருந்த பிள்ளையார் கல்லைச் சுற்றிப் போய் நின்றோம். பிள்ளையாருக்குரிய புல் என்று அங்கே மட்டும் யாரும் சுரண்டுவதில்லை. மெத்தை மெத்தையாக வளர்ந்திருந்தது. சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் பாதியைப் பெயர்த்தோம்.

கல் இடுக்கில் ஒரு பிடி மாட்டுச் சாணம், அதன்மேல் இரண்டு கணு, அசையாமல் இருக்க ஒரு குச்சி. பீலியிலிருந்து லயத்து ஆட்கள் தகர டின்னில் தண்ணீர் சுமந்தார்கள். நடுகிறபோது பெண்கள் புல்லைத் திட்டிக்கொண்டேதான் நட்டார்கள். "என் இடுப்பை ஒடிச்சவளே, இங்கேயாவது உருப்படியா இரு" என்று ஒருத்தி சொல்ல, மேடு முழுக்கச் சிரிப்பு. என் உத்தியோக காலத்தில் அவ்வளவு கலகலப்பான வேலைத்தலத்தை நான் பார்த்ததில்லை. மே கடைசியில் மேட்டில் பச்சை ஓடத் தொடங்கியது.

4. பீலித் தண்ணீர்

மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. மூன்று நாள் விடவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் மேற்கு மூலையில் ஒரு கல்லடுக்கு உடைந்து மண் சரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், சரிந்த மண் இரண்டாவது கானின் குழியோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே புல் ஒன்றோடொன்று கைகோத்துப் படுத்திருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

துரையும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நேராகப் பீலிக்கு நடந்தார். செல்லாயி அங்கே செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிரம்பிய செம்பை அவர்முன் நீட்டினாள். செம்பின் அடி தெரிந்தது.

"லயம் இருக்கட்டும்" என்றார் துரை. எனக்குக் கண் கலங்கியது. மழை பெய்துகொண்டிருந்ததால் மானம் தப்பியது.

5. பந்தலில்

ஆவணியில் அதே வாசலில் கல்யாணம். தாலி கட்டியதும், "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று பெரியவர்கள் வாழ்த்தினார்கள். புல்லுவெட்டு ஆட்கள் பிடி பிடியாக அருகம்புல்லும் அரிசியும் போட்டார்கள். எந்த மேட்டுப் புல் என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் மனசார ஒரு பிடி போட்டேன்.

பந்திக்கு இலை போடப் போனார்கள். செல்லாயியை மட்டும் காணவில்லை. தேடினால், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளக்குமாறும் சாக்குமாக வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். லயத்து வாசலை ஒட்டித்தான் தேயிலை. தங்கச்சியின் கொண்டையிலிருந்துகூட இரண்டு கணுவைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள்.

"இன்னைக்குமா செல்லாயி?" என்றேன்.

"வாழ்த்துனது போதும்ங்க ஐயா. தொரைகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்ல? ஒரு கணு விழுந்தாப் போதும்."

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எந்த மலையிலும், எதை நட்டாலும், முதலில் புல்லுவெட்டு ஆட்களிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் குழி வெட்டச் சொன்னேன். இளைய உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அந்தக் கல்யாண வாசலில் நானும் என் சட்டைப் பையில் ஒட்டியிருந்த ஒரு கணுவை எடுத்து அவள் சாக்கில் போட்டேன்.