மாமா கொண்டுவந்த இங்கிலிஷ் சொல்

எங்கள் மாமா டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடத்தில் வேலை செய்தார். சம்பளத்தோடு இங்கிலிஷ் சொற்களும் கொண்டுவருவார். ஒரு சொல் வந்தால் இரண்டு கிழமைக்கு அதன் ஆட்சிதான்.

அந்த முறை வந்தது 'ஃப்ரீலோடர்'.

"லோட் எண்டால் லொறியில ஏத்துற பாரம். காசு குடுக்காமல் வயித்துக்குள்ள பாரம் ஏத்துறவன் ஃப்ரீலோடர்" என்று எங்களுக்கு விளக்கினார். மாமியின் தம்பி வந்து ஒரு தேத்தண்ணி குடித்தாலும் அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது.

அதே நாட்களில் வீட்டில் இன்னொரு கதையும் ஓடியது. டவுன்டவுனில் படித்துக்கொண்டிருந்த என் அக்கா ஓர் இந்தியப் பெடியனோடு பழகுகிறாளாம். ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் படிப்பை நிறுத்தி லண்டனுக்குப் பெரியம்மாவிடம் அனுப்பிவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்படி ஒருவரும் இல்லை என்றாள் அக்கா. எனக்கு ஒன்பது வயது. லண்டனுக்குப் போவது எப்படித் தண்டனையாகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமாவின் மகளுடைய முதலாவது பிறந்தநாளுக்கு வில்லரேயில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். எங்கள் கொண்டாட்டங்களில் வந்தவர்கள் எல்லாரும் மேடையேறிப் பிள்ளையோடு படம் எடுக்க வேண்டும். படம் எடுக்காமல் சாப்பிடுகிறவரை மாமா விடமாட்டார். கடைசி மேசையில் தனியாக இருந்து சாப்பிட்ட ஓர் அண்ணா அவர் கண்ணில் பட்டார்.

"தம்பி, படம் எடுத்தாச்சோ? நீங்கள் ஆற்றை ஆக்கள்?"

அந்த அண்ணா தட்டோடு எழும்பினார். "யாரோட ஆளும் இல்லைங்க அங்கிள். பக்கத்துலதான் ரூம். சாப்பாட்டு வாசனை வந்துச்சு, உள்ள வந்துட்டேன்."

இந்தியப் பேச்சு. அப்பா கதிரையை விட்டு எழும்பி வந்தார். பாயாச வாளியோடு மேசைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

மாமாவின் முகம் மட்டும் மலர்ந்தது. சொல்லுக்கு ஏற்ற ஆள் இப்போதுதான் கிடைத்திருந்தது. "ஃப்ரீலோடர்!" என்றார்.

"எங்க ஊர்ல ஓசின்னு சொல்லுவோம் அங்கிள். அதுவும் இங்கிலீஷ்ல இருந்து வந்ததுதானாம்."

கும்பினிக்காரர் காலத்தில் கும்பினிக் கடிதங்களுக்குத் தபால் காசு கிடையாதாம். கும்பினி வேலை என்பதற்கான இங்கிலிஷ் சொற்களின் முதலெழுத்தாக, ஓ, சி என்று இரண்டு எழுத்து அடிப்பார்களாம். அதுதான் ஓசி ஆனது என்று சொல்வார்களாம். மாமா வாயைத் திறந்தபடி கேட்டார்.

"அப்ப நீர் முத்திரை ஒட்டாமல் வந்த கடிதம்!"

அப்பா சிரிக்கவில்லை. "கடிதமெண்டால் ஆரோ அனுப்பியிருக்க வேணுமே?"

"வயிறுதான் அங்கிள் அனுப்பிச்சுது."

மண்டபமே சிரித்தது. கடைசியில் அப்பாவும் சிரித்துவிட்டுத் தன் கதிரையில் போய் இருந்தார். "பிள்ளை, இவருக்கும் பாயாசம் ஊத்து" என்றார் மாமா. அக்கா ஊற்றினாள். கோப்பை நிறைந்து, தட்டில் வழிந்து, கோழிக்கறியோடு கலந்தது. அந்த அண்ணா நிமிர்ந்து பார்க்காமல் அதையும் சேர்த்துச் சாப்பிட்டு முடித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின்னிருக்கையில் நான் அந்த ஃப்ரீலோடர் சாப்பிட்ட விதத்தை நடித்துக் காட்டினேன். அக்கா என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"அவரை அப்பிடிச் சொல்லாதை" என்றாள், முன்னாலிருந்த அப்பாவுக்குக் கேட்காதபடி.

அவரே எல்லாருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டாரே என்றேன். அக்கா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தானே ஒத்துக்கொண்ட ஒருவருக்காக இவள் ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.