போதகர் உயிரோடு இருக்கும்போதே எழுதிய இரங்கல்

எங்கள் மெதடிஸ்ட் சபையில் போதகர் ஒருவர் இறந்துபோனால், அடுத்து வரும் வருடாந்தர மாநாட்டில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். ஒரே பக்கம்தான். எல்லாரும் எழுந்து நின்று கேட்பார்கள். மட்டாஞ்சேரியில் ஓய்வு பெற்ற எங்கள் போதகர், தன்னுடைய குறிப்பைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுச் சாக வேண்டும் என்று தீர்மானித்தார். கண் இரண்டும் போய்விட்டதால் தமிழில் எழுத ஆள் தேவைப்பட்டது. எங்கள் தெருவில் தமிழ் பேசாத வீடு குறைவு. ஆனால் என் வயதுக்காரர்களுக்கு மலையாளம்தான் எழுத வரும். நான் தபால் வழியில் தமிழ் எம்.ஏ. முடித்தவள். எங்கள் குடும்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்ட ஆள் நான். அம்மா இன்றும் கட்டைவிரல்தான் வைக்கிறாள். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. சுற்றுலாக்காரர்கள் வருவதற்குள், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெருவைப் பெருக்கி முடித்துவிடுவாள்.

போதகர் கூப்பிட்டு அனுப்பியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

மிளகுக் கிடங்கு ஒன்றின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். ஓய்வு பெற்றால் போதகர் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். சொந்த வீடு என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை. மாநாட்டின் கடைசி நாளில் பிஷப் பட்டியல் வாசிப்பார், எந்த ஊர் என்பது அப்போதுதான் தெரியும், ஊருக்கு வந்து பெட்டி கட்ட வேண்டும். அப்படி ஒன்பது ஊர். மனைவி ஐந்தாவது ஊரில் இறந்தார், அவரை அங்கேயே புதைத்துவிட்டு ஆறாவது ஊருக்குப் போனார். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

மற்றபடி பேச்சுக்குக் குறைவில்லை. "செத்த போதகர்மாரில பாதிப் பேருக்கு நான்தான் குறிப்பு எழுதினேன் பிள்ளே. குடிகாரன் ஒருத்தன். 'நண்பர்கள் மத்தியில் உற்சாகமானவர்'ன்னு போட்டேன். பொண்டாட்டியை அடிக்கிறவன் ஒருத்தன். 'இல்லறத்தைக் கண்டிப்போடு நடத்தினவர்.' சபை எழும்பி நின்னு கேட்டுது."

நானும் சிரித்தேன்.

சனிக்கிழமைதோறும் போய் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றாவது சனிக்கிழமை குறிப்பு மட்டாஞ்சேரிக்கு வந்தது. அவருடைய கடைசி ஊர். அவர் சொன்னார்: "எழுது. திருவிருந்தில் அவர் எவரையும் வேறுபடுத்தியதில்லை."

நான் எழுதவில்லை.

திருவிருந்துத் தட்டில் வட்ட வட்டமாகச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கும். உலர்திராட்சையை வேகவைத்துப் பிழிந்த சாறு. வெளிவட்டத்தில் ஓரமாக ஆறு மட்டும் எவர்சில்வர். எங்களைப் போன்ற துப்புரவுக் குடும்பங்கள் மண்டியிட்டிருக்கும் இடத்துக்கு வந்ததும், போதகர் தட்டைத் திருப்பி அந்த ஓரத்தை நீட்டுவார். திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளும் திடப்படுத்தல் முடிந்த புதிதில், எங்களுக்கு மட்டும் உடையாத கிண்ணம் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டவள் நான். பதினைந்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினேன். தட்டு மெல்லத் திரும்பியது. என் விரலுக்கு நேராக எவர்சில்வர் வந்து நின்றது. அவர் ஜெபத்தை நிறுத்தக்கூட இல்லை.

"எழுதியாச்சா?" என்றார்.

"எவர்சில்வர் கிண்ணம் ஐயா?"

"அது உன் அம்மா கேட்டது. போய்க் கேளு. தூப்புகாரி மகள் எழுதின தமிழை பிஷப் முன்னால வாசிக்கப் போறாங்க. அந்த பாக்கியத்தைக் கெடுத்துக்காதே" என்றார்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஓ, நான்தான் கேட்டேன். மொதல்ல எல்லாருக்கும் கண்ணாடிதான். நான் எடுத்ததும் பக்கத்துல முட்டு குத்தியிருந்த சேச்சி எழும்பிப் போயிட்டா. அவ பின்னால வரிசை முழுக்கப் போச்சு. மிச்சம் இருந்த சாறை ஐயா கொண்டுபோய் வாழை மூட்டு மண்ணில ஊத்தினாரு. கர்த்தரோட ரத்தமாக்கும் மோளே அது. எனக்குப் பொறுக்கல. எனக்கு வேற பாத்திரத்துல தாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு ஐயா என்ன சொன்னாரு?"

"நல்ல யோசனைன்னாரு."

நான் பேனாவை எடுத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "எழுதாதே. பிஷப் முன்னால என் எச்சிக் கிண்ணத்தை வாசிக்கவாடி உன்னைப் படிக்க வெச்சேன்?"

"உன் பேரை எழுத மாட்டேன்."

"பேரு எதுக்குடி? சபையில தூப்புகாரி எத்தனை பேரு?"

எழுதினேன். "மட்டாஞ்சேரியில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் திருவிருந்தில் தனியாக எவர்சில்வர் கிண்ணங்களை ஏற்படுத்தினார். ஓய்வு பெற்ற நாள்வரை அதை மாற்றவில்லை."

நான்காவது சனிக்கிழமை முழுப் பக்கத்தையும் அவருக்கு வாசித்தேன். அவர் வேதபாடம் வாசிக்கும் அதே நிதானத்தில் வாசித்தேன். பார்வையில்லாத மனிதரை ஏமாற்றி எழுதுவது எனக்குக் கேவலம். அவர் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்தேன்.

"அந்த வரியை அடி."

"மாட்டேன் ஐயா."

"அவ கேட்டதைத்தானே நான் செஞ்சேன்?"

"அவ ஏன் கேட்டான்னும் சேக்கட்டுமா? வாழை மூட்டில ஊத்தினதையும்?"

அவர் காகிதத்தைத் தேடி மேசையைத் தடவினார்.

"இஷ்டமில்லன்னா கிழிச்சிடுறேன். ஒம்பது ஊரும் போகும். அஞ்சாவது ஊர்ல விட்டுட்டு வந்த அம்மச்சியைப் பத்தின வரியும் போகும். வேற ஆளைப் பாருங்க" என்று எழுந்தேன். வேறு ஆள் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மாடிப்படியில் இரண்டு படி இறங்கியிருப்பேன்.

"பேனாவைத் தா" என்றார்.

பேனா காகிதத்தை விட்டு விலகி மேசையில் கோடு இழுத்தது. அவர் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன். பக்கத்தை ஓர் உறையில் போட்டு ஒட்டி, அன்றைக்கே இப்போதைய போதகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஆலய அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அம்மா பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் தனியாக நடந்து போய்விடுகிறாள். நான் செய்தது அவளுக்காக இல்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இப்போதைய போதகர் இளைஞர், வெளியூர்க்காரர். வந்ததும் எல்லாருக்கும் காகிதக் கிண்ணம் ஆக்கிவிட்டார். முன்பு என்ன இருந்தது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. போன வாரம் என்னைத் தெருவில் நிறுத்தினார்.

"பழைய ஐயாவுக்கு நெஞ்சில சளி கட்டியிருக்கு. எப்பப் போனாலும் அந்த உறையைக் குடுன்னு கேக்கிறாரு. ஒரு வரியை மாத்தணுமாம். நானே தட்டுத் தடுமாறித் தமிழ்ல எழுதித் தர்றேன், எந்த வரின்னு சொல்லுங்கன்னா வாயை மூடிக்கிறாரு. நீங்க ஒருதரம் வந்து கேட்டுப் பாருங்களேன், சேச்சி?"

"எனக்கு நேரமில்ல" என்றேன்.

நேரம் இருந்தது. எந்த வரி என்று அவர் வாயால் சொன்னால் போதும், அந்த நல்ல பிள்ளை அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிடுவார். சொல்லட்டும்.