அங்கே மைனஸ் எட்டு

வலது கையை முழங்கை வரை ஃப்ரீசருக்குள் விட்டபடி நிற்கிறார். கண் மூடியிருக்கிறது. வாய்தான் மூடவில்லை. "அங்கே இப்போ மைனஸ் எட்டு சார். பாப்பா பஸ்ஸுக்கு நிக்கிற நேரம்." வெளியே தார் ரோடு இளகுகிற வெயில். பழுது பார்த்து முடித்த அந்த ஃப்ரீசரைக் கொண்டுபோக, அதன் சொந்தக்காரர் வண்டி பிடித்து வந்து வாசலில் காத்துக்கிடக்கிறார். பாப்பாவுக்கு பஸ் வரும்வரை ஃப்ரீசர் நகராது.

பஸ் வந்துவிட்டது என்று அவர் மனசுக்குப் பட்டதும் கையை வெளியே எடுப்பார். அடுத்த நொடி, பக்கத்தில் யார் நின்றாலும் அவர்கள் பிடரியில் அந்தக் கை விழும். "இதுதான் சார் அங்கே!" என் பிடரிக்கு இந்த வெளிநாட்டுப் பயணம் பலமுறை இலவசமாகக் கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்கூட யாரும் கேட்டதில்லை.

ஃப்ரிஜ் மெக்கானிக். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் கடை. நான் குடியிருப்பது அதற்கு நேர் மேலே. பாப்பா என்பது அவருடைய ஒரே மகள். அவள் கல்யாணமாகித் தூர தேசம் போனதிலிருந்து அவர் வாயில் 'அங்கே' நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. தெருவும் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. "அங்கே இருக்காரா?" என்று வாசலில் வந்து கேட்பார்கள். "இங்கேதான் கெடக்கார், வாங்க" என்பார் அவர் மனைவி.

கடைச் சுவரில் இரண்டு தேசப்படங்கள். ஒன்று இங்கே, மற்றது அங்கே. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டும்போது ஒன்று மட்டும் சின்னதாக இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்காது என்று, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டையும் ஒரே அளவாக்கிவிட்டார். அப்புறம் விரலை வைத்து அளக்கிறார். "நம்ம பெரிய ஆறு ரெண்டு விரல். அங்கே பாப்பா வீட்டுக்குப் பின்னாடி சும்மா ஓடுற ஆறே நாலு விரல் சார்! மலையைப் பாருங்க. நம்மளோடது கட்டைவிரல் தேறாது. அங்கே ஒரு சாண்." படத்தைப் பெரிதாக்கினால் ஆறும் சேர்ந்துதான் பெரிதாகும் என்று ஒருமுறை பொறுமையாக விளக்கினேன். அதைவிடப் பொறுமையாக அவர் என்னைப் பார்த்தார். "சொந்த நாட்டுப் பாசம் உங்க கண்ணை மறைக்குது சார்."

இங்கே பெய்வது அவருக்கு மழையே அல்ல. "அங்கே மழைக்குன்னு ஒரு ஒழுக்கம் இருக்கு சார். முந்தின நாளே சொல்லிட்டுத்தான் வரும். இங்கே துணி காயப்போட்ட நேரம் பாத்துக் கொட்டுது." இங்கே இருப்பது இரண்டே பருவம்: வெயில், கடும் வெயில். அங்கே நாலு பருவமும் அரசாங்க உத்தியோகஸ்தர் மாதிரி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகின்றன. மரங்களில்கூட அங்கே கட்டுப்பாடு அதிகம். "எல்லா மரமும் பேசிவெச்ச மாதிரி ஒரே மூச்சுல இலையைக் கொட்டிடுதாம். நம்ம வாசல் மரம் வருஷம் பூரா கொட்டுது. யாரு பெருக்கறது?" பெருக்குவது அவர் மனைவி. அந்தம்மா இந்தக் கேள்விக்குத் துடைப்பத்தை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வார்.

இத்தனைக்கும் ஆள் அங்கே காலெடுத்து வைத்ததில்லை. மகளும் அதிகம் பேசுகிறவள் இல்லை. போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்ப்பா, கொஞ்சம் குளிரு, அவ்வளவுதான்." அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் கை ஃப்ரீசருக்குள் போகிறது. இது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அதற்குள் பிடரி மரத்துவிட்டது.

போன மாதம் மாப்பிள்ளை இரண்டு டிக்கெட் அனுப்பினார். மகள் மாசமாக இருக்கிறாள். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. கூடமாட இருந்து பார்த்துக்கொள்ள அங்கே வேறு ஆள் இல்லை. தெருவே கடைக்கு வந்து மெக்கானிக்கின் கையைக் குலுக்கியது. அன்று சாயங்காலமே சுவரில் ஒரு பூகோளப் புரட்சி தொடங்கிவிட்டது.

"நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுதாம் சார். அதெல்லாம் ஒரு நாடா?" என்றார் முதல் நாள். மறுநாள் அந்த நாலு விரல் ஆறு மாட்டியது. "பேருதான் ஆறு. பாதி வருஷம் கல்லா உறைஞ்சு கெடக்கு. நம்ம ஆறு என்னிக்காவது அப்படி அசையாம கெடந்திருக்கா?" நம் ஆற்றில் அசைவதற்குத் தண்ணீர் வேண்டுமே என்று நான் கேட்கவில்லை. அடுத்தது மலை. "ஒசரம் இருந்து என்ன சார் பிரயோஜனம்? மனுஷன் ஏற முடியுமா?" நம் வெயில் திடீரென்று எலும்புக்கு நல்லதாகிவிட்டது. நம் மழைக்குக்கூட மண்வாசனை வந்துவிட்டது.

மனைவி பெட்டி கட்டி முடித்திருந்தார். "ஆறு வருஷமா அங்கே அங்கேன்னு என் உசிர வாங்கினீங்க. டிக்கெட் வந்ததும் இங்கே இனிக்குதா?"

"வெயில் சீசன் வரப்போற நேரம்மா. கடையை யாரு பாக்கறது?"

"புள்ள பெத்துக்கப் போறது உங்க பொண்ணா, ஃப்ரிஜ்ஜா? நான் தனியா போறேன். நீங்க கம்ப்ரஸரைக் கட்டிக்கிட்டு இருங்க."

மெக்கானிக் ஸ்குரூடிரைவரோடு தரையில் படுத்து, ஒரு ஃப்ரிஜ்ஜுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார். அது என்னுடைய ஃப்ரிஜ். கதவு ரப்பர் மாற்றத்தான் கொடுத்திருந்தேன். அடியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

மனைவி உள்ளே போனதும் நான் சும்மா இருக்காமல் சீண்டினேன். "என்ன மெக்கானிக், குளிருன்னா பயமா?"

"குளிருக்கு இல்ல சார்." ஸ்குரூடிரைவர் கொஞ்ச நேரம் எதையோ சுரண்டியது. "இது வரைக்கும் கையை மட்டுந்தான் விட்டுப் பாத்திருக்கேன். அதுவே தாங்கல. முழு ஆளா போய் நின்னா தெரிஞ்சிடும்ல, பெத்த புள்ளைய எங்க கொண்டு விட்டுட்டு இங்க வாய் கிழியப் பேசிக்கிட்டு இருந்தேன்னு. அவ போக மாட்டேன்னுதான் அழுதா. நான்தான் ஆறு, மலை, சில்லுனு காத்துன்னு ஆசை காட்டி அனுப்பினேன்."

அதற்கும் என்னிடம் ஒரு நக்கல் தயாராக இருந்தது. சொல்ல மனசு வரவில்லை. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த மனிதர்மேல் எனக்குப் பிரியம் வந்தது.

மறுநாள் மகளே போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், மாடிப்படி வரை கேட்டது. குளிர் எப்படி என்று வழக்கம்போலக் கேட்டார். அவள் வழக்கம்போலச் சொல்லவில்லை. "ரொம்பக் குளிருதுப்பா. நீங்க வாங்க."

நேற்று என் ஃப்ரிஜ்ஜை எடுத்துவரப் போனேன். கடையில் பெட்டி ஒன்றுக்கு இரண்டாக நின்றது. மெக்கானிக்கைக் காணோம். ஓடிக்கொண்டிருந்த என் ஃப்ரிஜ்ஜுக்கும் சுவருக்கும் நடுவே எட்டிப் பார்த்தால், அந்த இடுக்கில் நிற்கிறார். உள்ளே இருந்து உறிஞ்சும் சூட்டையெல்லாம் ஃப்ரிஜ் பின்பக்கக் கம்பிகள் வழியாகத்தான் வெளியே விடும். அந்தக் கம்பிகளின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்திருந்தார். என்னைக் கண்டதும் வெளியே வந்தார். பழக்கதோஷம், என் பிடரி தானாகச் சுருங்கியது. இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு மெதுவாக அதன்மேல் வைத்தார்.

"சரியாப் பாத்துச் சொல்லுங்க சார். பொறந்த குழந்தையைத் தூக்கற அளவுக்குச் சூடா இருக்கா?"

இருக்கிறது என்றேன். நம்பவில்லை. இடுக்குக்குள் திரும்பிப் போய், மறுபடியும் கைகளைக் கம்பியின்மேல் வைத்துக்கொண்டார்.