இடம் மாறிய ஒரு வாக்கியம்

என் அறைக் கதவுக்குப் பின்னால் மாநாட்டு அடையாள அட்டைகள் ஓர் ஆணியில் கொத்தாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் என் பெயருக்குக் கீழே 'பேச்சாளர்' என்று போட்டிருக்கும். நான் கிள்ளானிலிருந்து தினமும் ரயிலேறிக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வரும் சாதாரண மென்பொருளாளர். பினாங்கு, சிங்கப்பூர் என்று இன்று என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள் என்றால், என் முதல் பேச்சுதான் காரணம். அந்தப் பேச்சு எப்படி எடுபட்டது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எங்கள் குழுவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். வேலைப் பெர்மிட்டில் வந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். அவர் வந்த முதல் நாள் காலையில், "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன். எங்களுக்கு அது காலை வணக்கம் மாதிரி. அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "ஏனுங்க்கா, என்னையப் பாத்தா அவ்ளோ பசில கெடக்கற மாதிரியா தெரியுது?" என்றார். பிறகு மதியம் அலுவலகத்துக்குப் பக்கத்துப் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே மேசையில் உட்கார்ந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டோம். சாப்பிடும்போதெல்லாம் மனைவியையும் மகளையும் அழைத்துவருவது பற்றித்தான் பேசுவார். பெர்மிட்டை இன்னொரு முறை நீட்டித்துவிட்டால் போதும், அவர்கள் வந்துவிடுவார்கள். அதற்காக அங்கேயே ஓர் அடுக்குமாடி வீட்டையும் பார்த்து வைத்திருந்தார்.

ஒருநாள் பிற்பகல், பழைய பதிவுகளை நீக்க நான் எழுதிக் கொடுத்த நிரலை அவர் சர்வரில் ஓட்டினார். அதில் நான் ஒரு நிபந்தனை வரியை எழுத மறந்திருந்தேன். பழையவற்றோடு அன்றைய ஆர்டர்களும் சேர்ந்து அழிந்துபோயின. "தம்பி, எல்லாம் போச்சு" என்று கத்திவிட்டேன். அவர் தன் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுங்க்கா. பேக்கப் இருக்குது, எடுத்துரலாம்" என்றார். மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் மீட்டும் விட்டார். பாஸுக்கு அனுப்பிய அறிக்கையில் 'குழுவின் தவறு' என்று மட்டும் எழுதினார், என் பெயரைச் சேர்க்கவில்லை. "ஒண்ணும் ஆகாதுங்க்கா" என்பது அலுவலகத்தில் அவருடைய முத்திரை. பிரிண்டர் நின்றாலும் அதைத்தான் சொல்வார். எங்கள் குழுவில் இருந்த, தமிழ் தெரியாத சீன நண்பர்கூட அதைச் சொல்லிக் காட்டிக் கேலி செய்வார்.

சில மாதம் கழித்து மென்பொருளாளர் சமூகம் நடத்திய மாநாடு ஒன்றில் எனக்குப் பேச இடம் கிடைத்தது. அந்தப் பிற்பகல் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவைதான் தலைப்பு. இரண்டு வாரம், தினமும் வேலை முடிந்ததும் கூட்ட அறையில் அவர் எதிரே உட்கார்ந்து, கைப்பேசியில் நேரம் பார்த்தபடி என் ஒத்திகையைக் கேட்டார். "ஓடறீங்க்கா. கொஞ்சம் மூச்சு உடுங்க" என்பார். மாநாடு நடக்கும் சனிக்கிழமை சர்வரைக் கவனிக்கும் முறை தன்னுடையது, வர முடியாது என்று வருத்தப்பட்டார்.

மேடையில் முதல் பத்து நிமிடம் அரங்கத்தில் ஒருவர்கூட அசையவில்லை. முன்வரிசையில் பாஸ் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். பேச்சு எடுபடாமல் போய்விடுமோ என்ற பயத்தில், ஒத்திகையில் இல்லாத ஒன்று வாயில் வந்தது. "எண்டர் தட்டுவதற்கு முன்னால் என் சக ஊழியர் என்ன சொன்னார் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, அவருடைய குரலிலேயே இழுத்து, "ஒண்ணும் ஆகாதுங்க்கா" என்றேன். பொருளையும் சொல்லி, திரையில் அடுத்த படத்தில் காலியான டேட்டாபேஸைக் காட்டினேன். அரங்கமே வெடித்துச் சிரித்தது. பாஸ் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு நான் தொட்டதெல்லாம் எடுபட்டது.

நான் பெயர் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. என்னைத் தேற்றுவதற்காக எல்லாம் அழிந்த பின்னால் அவர் சொன்னதை நான் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அதனால் அவர் பொறுப்பில்லாதவர் ஆனார். நிரலை எழுதியது நான் என்பதை அந்த மேடையில் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை லிஃப்டில் பாஸ் ஏளனமாகக் கேட்டார்: "அந்த எண்டர் தட்டினது நம்ம கோயம்புத்தூர் ஆளுதானே? நல்லா செஞ்சான் லா." நான் சிரித்து வைத்தேன். பத்தாவது மாடி வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. தப்பு என்னுடையது பாஸ் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தம்பியுடைய பெர்மிட்டை நீட்டிக்க அலுவலகம் விண்ணப்பிக்கவில்லை. ஆட்குறைப்பு என்றார்கள். இருக்கலாம், ஆனால் என்னால் அதை நம்ப முடிந்ததில்லை. பார்த்து வைத்த வீடு வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் ஊருக்குப் போனார். நானோ அதே வேடிக்கையை அதற்குப் பிறகும் நாலைந்து மேடைகளில் சொன்னேன். அதை நினைத்தால் இன்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

போன மாதம் ஓர் ஏற்பாட்டாளர் அந்தப் பழைய பேச்சையே மறுபடி கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூருக்கு அழைத்தேன். நலம் விசாரித்து முடித்ததும், "தம்பி, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். அன்னிக்கு மேடையில நான்..." என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

"தெரியுங்க்கா" என்றார். "அன்னிக்கு மொறையை மாத்திட்டு வந்திருந்தேனுங்க. நீங்க முதல்முதலா பேசறீங்க, பாக்கோணும்னு. கடைசி வரிசைல உக்காந்திருந்தேன்."

அவரே தொடர்ந்தார்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேனுங்க்கா. சிரிக்காம இருந்தா, அது நாந்தான்னு பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சு போயிருமில்லீங்களா."