நாலைத் தாண்டாத கம்ப்யூட்டர்

எழுபதுகளில் பாடியிலிருந்த ஒரு தொழிற்சாலை கம்ப்யூட்டர் வாங்கியது. புரோகிராம் எழுத ஒரே ஒரு ஆள் வேண்டும் என்று பரீட்சை வைத்தார்கள். கணக்கில் பட்டம் வாங்கியிருந்த நானும் அம்பத்தூரிலிருந்து போனேன். சைக்கிளில் கொண்டுவந்து விட்ட அப்பா, "இதான் கடைசி. கெடைக்கலன்னா ஞாயித்துக்கெழம மாப்ள ஊட்டுக்காரங்க வராங்க" என்றார். எனக்கா கிடைக்காது?

கேள்வி ரொம்ப அழகானது. ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். வந்த விடையை மறுபடி பிரித்துக் கூட்ட வேண்டும். இருபது என்றால் இரண்டு, இரண்டு, ஐந்து, கூட்டினால் ஒன்பது. ஒன்பதில் இரண்டு மூன்றுகள்; கூட்டினால் ஆறு. ஆறு, இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து ஐந்தாகும். ஐந்து பகா எண், அதற்கு மேல் பிரியாது. இரண்டில் தொடங்கி வரிசையாக ஒவ்வோர் எண்ணுக்கும் இதைச் செய்து, பகா எண் வந்ததும் நிறுத்தும் புரோகிராம் வேண்டும்.

நான் 'பகா எண் வந்தால் நிறுத்து' என்று எழுதவில்லை. 'எண் மாறாவிட்டால் நிறுத்து' என்று எழுதினேன். பரீட்சை வைத்த அதிகாரி அதைச் சிவப்பு மையில் அடித்தார்.

"கேள்வியைப் படிச்சீங்களாம்மா?"

"படிச்சேன் சார். நாலைப் போட்டுப் பாருங்க. ரெண்டும் ரெண்டும் நாலு. மறுபடியும் நாலு. அது பகா எண்ணா ஆகவே ஆகாது. நீங்க சொன்னபடி எழுதினா புரோகிராம் நிக்காது."

அவர் தானும் அப்படி ஒன்று எழுதி, பெரிய எண்களுக்கு மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தார் போல. "பிடிவாதம் ஜாஸ்திதான் உங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே தன் புரோகிராமைத் துளைகளாகக் குத்திவைத்த கார்டுக் கட்டை மெஷின் அறைக்குக் கொடுத்தனுப்பினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓட்டுபவர் எட்டிப் பார்த்தார். "சார், ரெண்டுக்கும் மூணுக்கும் அடிச்சிச்சி. அப்பால ஒண்ணும் வரல. சும்மா ஓடிக்கினே கீது. இன்னா பண்ணட்டும்?"

அதிகாரி சிரிப்பை நிறுத்தினார். "ஆஃப் பண்ணிடு. இவங்க எழுதினதைக் கார்டுல குத்தச் சொல்லு" என்றார்.

என்னுடையது நாலைத் தாண்டி, ஐந்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அச்சடித்த காகிதம் மடிந்து மடிந்து விழுந்தது. அதிகாரி நல்ல மனுஷர், மழுப்பவில்லை. "திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க" என்றார்.

வாசலில் அப்பா காத்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா ஆச்சி?"

"ஞாயித்துக்கெழம யாரும் வர வேணாம் நைனா. திங்கக்கெழம எனக்கு வேல கீது."

அப்பா சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "அந்த மாப்ளப் புள்ளைக்குக் குடுத்து வெக்கல, அவ்ளோதான்" என்றார்.